குடுவையில் கலந்த ஜெபம்

"அறுபத்து நாலு மே மாசம் பம்பாயிலே என்னய்யா நடந்தது?"

டாக்டர் மகாதேவன் அறையில் இருந்த இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் வியர்த்தது தனசீலனுக்கு மட்டும்.

செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறைகள். அதுதான் காற்று ஆய்வுப் பிரிவு. தனசீலன் குடியிருக்கும் தாராவியில் அதற்குப் பெயர் 'காத்து ஆபீஸ்'. அங்கே மொத்தம் மூன்று பேர். மாதுங்காவிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் குடையோடு வருகிற டாக்டர் மகாதேவன் தலைவர். வாயுவை அளக்கும் மெஷினைக் கவனிப்பவள் சண்முகவடிவு. அவளும் மாதுங்காதான், அப்பாவுக்கு மார்க்கெட்டில் பருப்புக் கடை. எம்.எஸ்ஸி. முடித்து, சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்றாவது ஆள் தனசீலன். வாரத்தில் இரண்டு நாள் பாந்த்ரா முனைக்குப் போய், கடலிலிருந்து வீசுகிற காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்து வருவது அவன் வேலை. ஏழு வருஷமாக அதே வேலை. ஏழு வருஷமாகவும் டெம்பரவரி.

அந்தத் திங்கட்கிழமை காலையில் வெளிநாட்டுக் கடிதம் ஒன்று வந்திருந்தது. உலகத்தின் வேறு மூலைகளில் இதே வேலையைச் செய்கிறவர்கள் எழுதியது. அளந்த இடத்திலெல்லாம் காற்றில் கரியமில வாயு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. பம்பாயிலும் ஏறுகிறது. முதல் மூன்று வருஷம் பம்பாய்க் கோடு மற்றக் கோடுகளோடு ஒட்டித்தான் போகிறது. 1964 மேயிலிருந்து மட்டும் கயிறு அறுந்த பட்டம் போலத் தனியாக மேலே போகிறதே, ஏன்? காரணம் தெரிந்தால் உங்கள் அளவுகளையும் பொது அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம். தெரியாவிட்டால் விட்டுவிடுகிறோம்.

"மத்த எடத்துல ஏழு வருஷத்துல அஞ்சு ஏறியிருக்கு. பத்து லட்சம் பங்குக்கு அஞ்சு பங்கு. நமக்கு ஒம்பது!" டாக்டர் கடிதத்தால் விசிறிக்கொண்டார். "எனக்குத் தெரியும் காரணம். இதோ ஜன்னலத் திறந்து பாரு. நாலு வருஷத்துல இந்தச் செம்பூர்ல எத்தனை புகைபோக்கி முளைச்சிருக்கு! புகை கடலுக்குப் போய், கடல்காத்தோட திரும்பி பாந்த்ராவுக்கு வர்றது. அதுதான்."

"புகை ஒரே மாசத்துலயா சார் வந்துரும்?" என்றாள் சண்முகவடிவு.

"வராம? சனிக்கிழமை பதில் போயாகணும். தனசீலா, நீ ஏழு வருஷமா அதே பாறையிலே நிக்கறவன். உனக்கு என்ன தோணறது?"

தனசீலன் வாயைத் திறந்தான். "ஒண்ணும் தோணல சார்" என்று வந்தது.

"ஏன் இப்படி வேர்க்கறது உனக்கு? அடுத்த திங்கட்கிழமை கமிட்டி. உன் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதி வெச்சிருக்கேன். சந்தோஷமா இருய்யா!"

1964 மேயில் பம்பாயில் என்ன நடந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் தனசீலன் ஒருவன்தான்.

காற்றுப் பிடிப்பது பார்ப்பதற்கு விளையாட்டு. செய்தால்தான் தெரியும். குடுவைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் ஆபீஸிலேயே பம்பு வைத்து உறிஞ்சி, திருகை மூடி, பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். அன்று முழுக்க பீடி கூடாது. பாறை முனையில் நின்று, கடல்காற்றுக்கு முகம் காட்டி, குடுவையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். நன்றாக மூச்சை இழுத்து அடக்க வேண்டும். அப்புறம் திருகைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாயும். சத்தம் நின்றதும் மூடிவிட்டு, பிறகுதான் மூச்சு விடலாம். மனுஷன் விடுகிற மூச்சில் வெளிக்காற்றைப்போல நூறு மடங்குக்கு மேல் கரியமிலம் உண்டு. ஒரு சொட்டு விஷம் ஒரு குடத்துக்குப் போதும் என்பார் டாக்டர்.

மூன்று வருஷம் அப்படியே செய்தான். 1964 மே பதினோராம் தேதி, காலி குடுவை ஒன்று கையிலேயே வெடித்தது. உள்ளே காற்றில்லாத கண்ணாடி; சின்னக் கீறல் இருந்தாலும் போதும். உள்ளங்கையில் ஒன்பது தையல். அன்றைக்கு அவன் மனைவி ஏஞ்சலம்மாள் சொன்னாள், இனிமேல் அந்தக் குப்பியைத் தொடுமுன் ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணாமல் தொடக் கூடாது என்று. அவனுக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜெபத்தைக் கையைத் தூக்கிக்கொண்டு போலீஸிடம் அகப்பட்டவன் மாதிரியா செய்வது? குடுவையை முகத்தருகே இறக்கி, தலையைக் குனிந்து, உதட்டை மட்டும் அசைத்து, 'ஆமென்' என்னும்போது திருகைத் திறந்தான். கை நடுங்கவில்லை. மறுதடவையும் அப்படியே. நாலு வருஷமாக அப்படியே.

உதடு அசைந்தால் மூச்சும் கசியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்று காலை வரையில்.

சாயங்காலம் தாராவிச் சந்துக்குள் நுழையும்போது குழாயடியில் சேசுராஜ் வழிமறித்தான். பக்கத்து ஒற்றை அறை வீட்டுக்காரன், தோல் கிடங்கில் வேலை.

"என்னவே மாப்ள, இன்னைக்கு எத்தன குப்பி காத்து? எங்க வீட்டுக்கும் ஒரு குப்பி தாருமே, புழுங்கிச் சாவுதோம்!"

வழக்கமாக ஏதாவது பதில் கொடுப்பவன் தனசீலன். இன்று பேசாமல் போனான். "அரே, சாகிபுக்கு பர்மனென்ட் ஆவுமுன்னயே தலை கனத்துட்டு போல!" என்ற சிரிப்பு முதுகில் வந்து விழுந்தது.

ஏஞ்சலம்மாள் ஸ்டவ்வை ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது மகள் பாயில் உருண்டுகொண்டிருந்தது. அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜெபம் பண்ணுனா காத்து கெட்டுப் போவுமாக்கும்? ஊரு பூரா தோல் நாறுது, அதுல கெடல. என் புருஷன் ஜெபத்துல கெட்டுப் போச்சாம்!"

"ஜெபம் தப்பில்லட்டி. குப்பி மேல வாய வச்சிக்கிட்டு பண்ணுனதுதான் தப்பு."

"ஒரு துளி மூச்சு. அதப் போயி கண்டுபிடிச்சிருவாங்களா?"

"கண்டுபிடிச்சிட்டாங்களே! கடல் தாண்டி இருக்கவன் மாசத்தக்கூடச் சொல்லி எழுதிருக்கான்."

அவள் பாயிலிருந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர் ஐயாதான் புகைன்னு சொல்லுதாருல்லா? அவுக படிச்சவுக. அப்படியே எழுதிட்டுப் போவட்டும். திங்கக்கிழமை ஆர்டர் கையில வரட்டும். செவ்வாக்கிழமை சொல்லிக்கிடுங்க. ஒரு வாரத்துல உலகமா அழிஞ்சிரும்?"

"சனிக்கிழமை கடுதாசி போயிரும்ட்டி."

"போவட்டுமே! செம்பூர்ல குவார்ட்டர்ஸ் தருவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? வீட்டுக்குள்ள குழாய். காலைல நாலு மணிக்கு நான் குடம் தூக்கிட்டு நிக்க வேண்டாம். இந்த வெள்ளம் ஏறுத சந்துல பிள்ளைய விட வேண்டாம்."

அவன் உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். மூன்றாவது தடவை வாசலுக்குப் போனபோது ஏஞ்சலம்மாள் சொன்னாள்: "ஒரு எடத்துல இருங்க. பாக்கதுக்கே தலை சுத்துது."

மறுநாள் செவ்வாய், காற்றுப் பிடிக்கும் நாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு குடுவை கொண்டு போவது வழக்கம். ஒன்று உடைந்தால் ஒன்று. பாறையில் நின்றபோது தனசீலனுக்கு ஒரு எண்ணம் வந்தது. முதல் குடுவையை வழக்கம்போல் முகத்தருகே வைத்து ஜெபம் செய்து திறந்தான். இரண்டாவதைத் தலைக்கு மேலே தூக்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டான். கை வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே திறந்தான், மூடினான்.

புதன்கிழமை பகல் முழுதும் மெஷின் அறை வாசலிலேயே நின்றான். மெஷினின் பேனா காகிதத்தில் ஊர்ந்து ஊர்ந்து கோடு போட்டது. சண்முகவடிவு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே எடத்துல பிடிச்சதுதானே?"

"ஆமா மேடம்."

"ஒரே நேரத்துல?"

"ரெண்டு நிமிஷ வித்தியாசம்."

"நாலு பங்கு வித்தியாசம் காட்டுதே! நான் வந்த நாள்லேருந்து ரெண்டும் ஒண்ணா ஒசரத்துலதான் நிக்கும். இன்னைக்கு ஒண்ணு மட்டும் எறங்கியிருக்கு." அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரர் மகள், எடை குறைந்தால் முதலில் தராசைப் பார்க்க மாட்டாள், ஆளைப் பார்ப்பாள். "உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "இத நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்" என்றாள். "நீங்களே போய்ச் சொல்லிருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லாட்டா, நான் சொல்லத்தான் செய்வேன். வருத்தப்படக் கூடாது."

வியாழக்கிழமை முழுவதும் டாக்டர் அறைக்கு முன்னால் ஆறு தடவை போனான். ஆறு தடவையும் திரும்பினான். ஒரு தடவை டாக்டரே, "என்னய்யா, பூனை மாதிரி சுத்தறே?" என்றார். "ஒண்ணுமில்ல சார், பெட்டிச் சாவி" என்று சொல்லிவிட்டு ஓடினான். வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராக உள்ளே போய், உட்காரச் சொல்லும் முன்னே, "சார், புகை இல்ல சார், நான்தான் சார்" என்றான்.

டாக்டர் மகாதேவன் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏழு வருஷம்! ஏழு வருஷம்யா! மழைக்காலத்துல பாறையிலே வழுக்கி விழுந்து, ஆபீஸ் ஆபீஸா ஏறி, கெஞ்சி, ஒத்த மெஷினை வாங்கி... உன் ஆண்டவருக்கு மூக்கு கிட்ட குடுவை இருந்தாத்தான் காது கேக்குமா?"

"கை நடுங்கிச்சு சார்."

"எனக்கு இப்போ நெஞ்சு நடுங்கறது!" அவர் எழுந்து ஜன்னல்வரை போனார், வந்தார். சட்டென்று நின்றார். முகத்தில் ஏதோ விடிந்தது போல இருந்தது. "இரு, இரு. ஒவ்வொரு தடவையும் அதே ஜெபம்தானே? அதே வார்த்தை? அதே நேரம்? அப்படின்னா நாலு வருஷமும் ஒரே அளவு தப்பு. ஒரே அளவைக் கழிச்சுட்டா முடிஞ்சுது. ஏத்தம் ஏத்தமாவே இருக்கும். சொல்லு, அதே ஜெபம்தானே?"

தனசீலன் தலையைச் சொறிந்தான்.

"முதல்ல 'ஆண்டவரே, இந்தக் கையக் காத்துக்கொள்ளும்'னு மட்டும்தான் சார். பெறவு கொஞ்சம் சேந்துட்டு."

"என்ன சேந்துது?"

"அறுபத்தஞ்சுல பிள்ளை வேணும்னு. கல்யாணமாகி அஞ்சு வருஷம் இல்லாம இருந்துச்சு. அறுபத்தாறுல பிள்ளை பிறந்துச்சு, அதுக்கு சுகம் வேணும்னு. ரேஷன்ல அரிசி கெடைக்கலல்லா, அதுக்கும். அறுபத்தேழுல..." நிறுத்தினான்.

"அறுபத்தேழுல என்ன?"

"பர்மனென்ட் ஆவணும்னு சார்."

அடுத்த அறையில் மெஷினுக்குப் பின்னால் சண்முகவடிவுக்கு இருமல் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. விடிந்த முகம் இருண்டுவிட்டது.

"அப்போ வருஷா வருஷம் ஜெபம் நீண்டுண்டே வந்திருக்கு. அடக்கின மூச்சு எவ்வளவு நேரம் நெஞ்சுக்குள்ள நிக்கறதோ அவ்வளவு கரியமிலம் அதுல ஏறும். குடுவைக்குள்ள போனதும் வருஷா வருஷம் ஏறியிருக்கும்." நாற்காலியில் விழுந்தார். "கோடு ஏறினது காத்தினாலா, உன் ஜெபத்தினாலா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. எல்லாமே உன் மூச்சாகக்கூட இருக்கலாம். குப்பைத் தொட்டியிலே போடவேண்டியதுதான்."

ஏழு வருஷம் குடுவை தூக்கியவன் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான்: "சார், அது ஏறுனா என்ன சார்?"

டாக்டர் அவனை வெறித்துப் பார்த்தார். இதைச் சொல்லாமலே இவனிடம் ஏழு வருஷம் வேலை வாங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததோ என்னவோ, குரல் இறங்கியது.

"நிலக்கரி, பெட்ரோல், மண்ணெண்ணெய், எதை எரிச்சாலும் இந்த வாயு வெளியே வர்றது. வந்தது லேசுல போறதில்லே. கொஞ்சம் கடல் குடிக்கும், கொஞ்சம் மரம் குடிக்கும், பாக்கி காத்துல தங்கிடும். வெயில் உள்ளே வர்றதை அது தடுக்காது. பூமியிலேருந்து சூடு வெளியே போறதைத் தடுக்கும். ஜன்னலைச் சாத்திட்டு அடுப்பு ஏத்தின அறை மாதிரி. நூறு வருஷமா உலகம் பூரா அடுப்பு எரியறது. இப்படியே எரிஞ்சா பூமி சூடாகும், துருவத்துப் பனி உருகும், கடல் ஏறும்னு கணக்குப் போட்டிருக்கா. எவ்வளவு, எப்போன்னு கேட்டா எனக்குத் தெரியாது. சொல்றவாளுக்குள்ளேயே சண்டை. அதனாலேதான்யா முதல்ல வாயு ஏறறதா இல்லையான்னு சுத்தமா அளக்கணும்னு நாம உக்காந்திருக்கோம்."

"ஏறுனது என் மூச்சுன்னா?"

"நம்ம கோடு பொய். மத்த கோடெல்லாம் எப்படியோ! அங்கங்கே எத்தனை தனசீலன் நிக்கறானோ, யார் கண்டா?"

அப்போது சண்முகவடிவு வாசலுக்கு வந்தாள்.

"சார், அண்ணாச்சி ஜெபத்துல எது எப்பச் சேர்ந்ததுன்னு சொல்லுதாங்கல்லா? நாலு வருஷத்து ஜெபத்தையும் தனித்தனியா அளந்துட்டா என்ன? தினம் ரெண்டு குடுவை. ஒண்ணு வாயைத் திறக்காம. இன்னொண்ணு ஜெபத்தோட. அறுபத்து நாலு ஜெபம் பத்து நாள், அறுபத்தஞ்சு ஜெபம் பத்து நாள். இப்படி நாப்பது நாள். மழை வாரதுக்குள்ள முடிச்சிரலாம்."

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை பதில்ல நாப்பது நாள் தவணை கேட்டுடறேன்" என்றார். வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்தார். "சொல்லுய்யா. மே அறுபத்து நாலு: கை. பிள்ளை எந்த மாசத்துலேருந்து?"

அந்த மாதிரி ஒரு பட்டியல் எந்த விஞ்ஞான ஆபீஸிலும் எழுதப்பட்டிருக்காது. கை, பிள்ளை வரம், பிள்ளை சுகம், அரிசி, வேலை. எதிரே தேதி. கடைசி வரியை எழுதிவிட்டு டாக்டர் சொன்னார்: "ஜெபம்னு ஏன் பண்ணணும்? அதே நீளத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணேன்."

"ஆவாது சார்" என்றான் தனசீலன். "எண்ணுனா மூச்சு வெட்டி வெட்டிப் போவும். ஜெபத்துல ஒரே சீரா எறங்கும். அது வேற, இது வேற."

டாக்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "நன்னாச் சொன்னே. ஜெபமே பண்ணு." பிறகு, கமிட்டிக்கு எழுதி வைத்திருந்த காகிதத்தை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, பாதியாக மடித்து, மறுபடி உள்ளேயே வைத்தார். "இதை இப்போ அனுப்ப முடியாது. புரியறதா?"

புரிந்தது. வீட்டில் ஏஞ்சலம்மாளுக்கும் புரிந்தது. அவள் சண்டை போடவில்லை. ஈரத்துணியால் பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப. கடைசியில், "லெந்து விரதம் நாப்பது நாளும் முடிஞ்சி ரெண்டு வாரம் ஆவல. உங்களுக்கு இன்னொரு நாப்பதா?" என்று மட்டும் கேட்டாள்.

நாற்பது நாளும் பாந்த்ரா முனைக்கு அலைந்தான். மே மாத வெயில் பாறையை அடுப்புக்கல்லாகக் காய்ச்சியிருந்தது. முதல் பத்து நாள் கைக்காக ஜெபம். அது சுலபம். அடுத்த பத்து நாள், பிறந்து வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளையை இன்னும் பிறக்காதது மாதிரி கேட்க வேண்டும். நாக்கு கூசியது. ஆனாலும் வார்த்தையை மாற்றினால் அளவு மாறும், மாற்றாமல் சொன்னான்.

பாறையில் நிற்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் வாரத்தில் பயம் ஒன்றுதான்: தப்பு தன்னுடையது என்று முடிந்தால் வேலை போய்விடும். வரவர அந்தப் பயம் வேறு பக்கம் திரும்பியது: தப்பு தன்னுடையது இல்லை என்று முடிந்தால்? செம்பூருக்குப் பஸ்ஸில் போகும்போது புகைபோக்கிகளை எண்ண ஆரம்பித்தான். இதற்கு முன்னால் எண்ணியதில்லை. பஸ்ஸின் பின்னால் கிளம்பும் கரும்புகை, ரயில்வே ஷெட்டில் எஞ்சின் விடுகிற புகை, சந்துக்குச் சந்து மண்ணெண்ணெய் ஸ்டவ், தன் வீட்டு ஸ்டவ். ஒரு நாள் அமாவாசை வெள்ளம் மாஹிம் உப்பங்கழியிலிருந்து சந்துக்குள் ஏறிக் கணுக்கால் வரை நின்றது. மாதம் இரண்டு முறை ஏறி இறங்குகிற தண்ணீர்தான். சேசுராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதில் நின்றபடியே பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தனசீலன் மட்டும் அது இறங்கும்வரை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்தப் பாக்கீரு? மீனா வருது?" என்றான் சேசுராஜ்.

"எறங்குதான்னு பாக்கேன்."

"எறங்காம எங்க போவும்? பைத்தியக்காரா!"

அன்று காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் தனசீலன் முழங்காலில் நின்று சத்தமாகவே ஜெபம் செய்தான். "ஆண்டவரே, ஏறுனதெல்லாம் என் மூச்சாவே இருக்கட்டும். தப்பு பூராவும் என்னுதா இருக்கட்டும்."

ஏஞ்சலம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "இப்படியும் ஒரு ஜெபமா? நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போடதுக்கா?"

"உனக்குப் புரியாதுட்டி."

"புரிய வைங்க."

"என் தப்புன்னா, நான் வாய மூடிக்கிட்டா தீந்து போச்சு."

அன்று முதல் அவன் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து நின்றாள்.

ஜூன் ஐந்தாம் தேதி நாற்பதாவது நாள். அதற்கு அடுத்த மூன்று நாளும் டாக்டரும் சண்முகவடிவும் கணக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். காற்று வேகமாக இருந்த நாளில் மூச்சு குறைவாகக் கலந்திருந்தது; மந்தமான நாளில் அதிகம். நல்லவேளை, ஏழு வருஷமும் பாறைக்குப் போன ஒவ்வொரு நாளும் காற்று எப்படி இருந்தது என்று தனசீலன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். எழுதச் சொன்னார்கள், எழுதினான்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் வரைபடத்தாள் விரித்திருந்தது. அதில் இரண்டு கோடுகள். சிவப்பு பழையது. அதற்குக் கீழே, புதிதாகப் பென்சிலால் போட்டது ஒன்று.

"உக்காரு. கைக்காகப் பண்ணின ஜெபம் ஒண்ணரை பங்கு ஏத்தியிருக்கு. வேலைக்காகப் பண்ணினது வரைக்கும் சேத்தா நாலு. எல்லாத்தையும் அந்தந்த வருஷத்துல கழிச்சாச்சு. கழிச்சா இது." பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். விரல் மெல்ல மெல்ல மேலே ஏறியது. "ஏழு வருஷத்துல ஒம்பது இல்லே. அஞ்சு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மத்த ஊர்க் கோட்டோட அப்படியே ஒட்டிண்டு போறது பாரு. நீ வாயே திறக்காத முதல் மூணு வருஷத்தைத் தனியா எடுத்தாக்கூட ஏறித்தான் இருக்கு. பிழைச்சோம்யா! குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டியது அறிக்கையிலே ஏறப் போறது."

சண்முகவடிவு சிரித்துக்கொண்டு நின்றாள். தனசீலன் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு என்னுது" என்றான்.

"ஆமாம்."

"அந்த அஞ்சு?"

"அது அடுப்பு எரிக்கிற எல்லாருதும். செம்பூர், லண்டன், நியூயார்க், எங்காத்து, உங்க வீடு."

"அதக் கழிக்க முடியாதா சார்?"

டாக்டர் கோட்டின் மேலிருந்து விரலை எடுத்தார். தாளைச் சுருட்டத் தொடங்கினார். பிறகு வேறு பேச்சுக்கு வந்தார்: "நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கேன். உன் பேரோட. ஒளிச்சா நாளைக்கு எவனும் நம்ப மாட்டான். கமிட்டிக்கும் எழுதிட்டேன். இந்த வருஷம் பர்மனென்ட் கிடைக்காது. அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டா. முதல்ல உன்னை எடுத்துட்டு வேற ஆளைப் போடச் சொன்னா. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். தப்பைத் தேதியோட ஞாபகம் வெச்சிண்டிருக்கற ஆள் எனக்கு வேற எங்கே கிடைப்பான்?"

"சரி சார்" என்று எழுந்தான்.

மழை இன்னும் விழவில்லை. ஆனால் வானம் கீழே இறங்கி வந்திருந்தது. சந்தில் ஒரு இலை அசையவில்லை. ஏஞ்சலம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

"என்ன சொல்லிட்டாங்க? வேலை இருக்கா, போச்சா?"

"இருக்கு. ஆர்டர் மட்டும் அடுத்த வருஷம்."

"அது கெடக்கட்டும். தப்பு? எல்லாம் உங்களுதுதானா?"

"இல்லட்டி. பாதிக்கும் கொறச்சல்."

"ஸ்தோத்திரம்!" ஏஞ்சலம்மாள் கண்ணை மூடி, கையைக் குவித்துக்கொண்டாள். நாற்பது நாளாக அவள் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது அவள் தோளிலேயே தெரிந்தது. வாய்க்குள் ஜெபம் ஓடியது. நீளமான ஜெபம், நன்றிமேல் நன்றியாக. முடிவில் 'ஆமென்' என்று சொல்லிவிட்டு, அவனும் சொல்வான் என்று காத்திருந்தாள்.

அவன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான்.